ஊர் நடுவம் யாருக்கு உரியது?

(விழுப்புரம், திண்டிவனம் நகரங்களின் கடைத்தெருப் பகுதிகளைச் சீரமைப்பது குறித்து நடந்த ஊர்மக்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கடைக்காரரும் தரைக்கடை வணிகரும், உழவரும் சுமைப்பணியாளரும், ஆசிரியரும் மாணவரும் ஈண்டு ஒருங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். நீங்கள் அனைவரும் நாள்தோறும் ஒரே தெருவில் நடமாடுகின்றவர்கள்தாம். எனினும், அத்தெரு எப்படியிருக்க வேண்டும் என்று ஒன்றாக அமர்ந்து பேசும் வாய்ப்பு உங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. கடைக்காரர் தம் சங்கத்தில் பேசுவர். தரைக்கடைக்காரர் தம் சங்கத்தில் பேசுவர். அலுவலர் தம் அறைக்குள் பேசுவர். தெருவோ கேட்பாரற்றுக் கிடக்கும்.

ஊரின் நடுப்பகுதிக்கு மீண்டும் உயிர் வருமா, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே இற்றைக் கூட்டத்தின் வினா. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிர் வரும். ஆனால் கற்காரைத் தளத்தாலும் ஒளிவிளக்குக் கம்பங்களாலும் மட்டும் வராது. அத்தெருவால் வாழ்கின்ற அனைவரும் கூடி, அனைவர்க்கும் விளங்கும் மொழியில் பேசி, ஒரு பொதுமுடிவுக்கு வந்தால் வரும். அம்மொழி தமிழ். அவ்வனைவருள் ஒருவரும் விலக்கப்படலாகாது. என் உரையின் பிழிவு இவ்வளவே.

விழுப்புரம் வழிகள் கூடும் ஊர். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளுக்கு இங்கிருந்து தொடர்வண்டித் தடங்கள் பிரிகின்றன. புதுச்சேரித் தடம் 1879ஆம் ஆண்டிலேயே போடப்பட்டது. 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது இவ்வூர் மாவட்டத் தலைநகராயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நகராட்சியில் 96,253 பேரும், ஏறத்தாழ 40 கி.மீ. வடக்கேயுள்ள திண்டிவனத்தில் 72,796 பேரும் வாழ்ந்தனர். இவ்விரண்டு ஊர்களையும் நம்பிச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் இருக்கின்றன. விதை வாங்கவும், துணி எடுக்கவும், மருந்து வாங்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் அம்மக்கள் வருவது இங்கேதான்.

இத்துணை வழிகள் கூடும் ஊரின் நடுப்பகுதி ஏன் மூச்சுத் திணறுகின்றது? வண்டிகள் மிகுந்துவிட்டன என்பர் சிலர். தரைக்கடைகள் மிகுந்துவிட்டன என்பர் சிலர். இவை கண்ணுக்குத் தெரியும் கூறுகள். உள்ளே வேறு கரணியங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஊருக்கு வருவோர் இறங்கும் இடம் மாறிவிட்டது. பேருந்து நிலையம் ஊரின் நடுவே இருந்தபோது, இறங்கியவர் கடைத்தெருவில் நடந்தார். நடக்கையில் கண்டதை வாங்கினார். தெரிந்தவரைக் கண்டு தேநீர் அருந்தினார். நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போன பின்பும், பெரும்பேருந்துகள் புதிய நிலையத்துக்குப் போன பின்பும், வருவோரில் பெரும்பாலோர்க்கு விழுப்புரம் வண்டி மாறும் இடமாக மட்டும் ஆகிவிட்டது. புறவழிச்சாலை வேண்டியதுதான், நெடுந்தொலைவுச் சரக்குந்துகள் நேருசி சாலைக்குள் நுழைய வேண்டுமென்று யாரும் கேட்கமாட்டார். ஆனால், வழியை வெளியே கொண்டுபோனவர்கள், உள்ளே இருக்கும் தெருவுக்கு என்ன ஆகும் என்று அத்தெருவினரிடம் கேட்டிருக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது, நீர்வழிகளை மறந்துவிட்டோம். விழுப்புரத்தின் புதிய பேருந்து நிலையம் ஏரியாக இருந்த நிலத்தில் எழுந்தது. பெருமழை வரும்போதெல்லாம் அங்கே நீர் தேங்குவதை நீங்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றீர்கள். தென்பெண்ணை நீரைச் சுமந்து வயல்களுக்குப் பாய்ந்த கோலியனூரான் வாய்க்கால், ஊருக்குள் சாக்கடையைச் சுமக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கரைகடந்த பெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தடியில் வெள்ளம் உயர்ந்ததால் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. பேருந்து நிலையம் குளமாயிற்று. ஏரி தன் இடத்தை மறப்பதில்லை, மறந்தவர்கள் நாம்தாம். தாழ்ந்த இடம் எது, நீர் எவ்வழியே போகும் என்பதை அவ்வூர் முதியவர் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மூன்றாவது கரணியம், கருத்து ஒன்றுபடாமை. திண்டிவனத்தார் இதை நன்கு அறிவர். அவ்வூருக்குப் புதிய பேருந்து நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதில் எத்தனை ஆண்டுகள் இழுபறியில் கழிந்தன! ஒரு கட்சி ஓரிடத்தைச் சொன்னால் மற்றொரு கட்சி வேறிடத்தைச் சொல்லும். ஆட்சி மாறினால் இடமும் மாறும். அதுவரையில் மழையிலும் வெயிலிலும் மேம்பாலத்தடியில் நின்றவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும், சுமையோடு வந்த உழவரும் ஆவர். எந்த இடம் சிறந்தது என்னும் வழக்குக்குள் நான் புகவில்லை. பயணியரும் வணிகரும் சிற்றூர் மக்களும் ஒரே அவையில் அமர்ந்து அதை முடிவு செய்திருந்தால், ஒரு தலைமுறை இப்படி நின்றிருக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பெருமக்களே! ஊர் நடுவம் எல்லார்க்கும் உரியது என்னும் கருத்தை நாம் வெளிநாட்டு நூல்களிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. திண்டிவனத்துக்குள் இன்று ஒரு பகுதியாக அடங்கிக் கிடக்கும் கிடங்கில்தான் ஓய்மானாட்டு வேந்தன் நல்லியக்கோடனின் கோட்டை நகரம். அவனைப் பாடியது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பொருநரும் புலவரும் வந்தால் அவன் வாயில் அடைக்கப்படுவதில்லை என்று அந்நூல் அவனைப் புகழ்கின்றது. காவிதிக் கீரங்கண்ணனார், காவிதிப் பெருங்கொற்றனார், குலபதி நக்கண்ணனார் எனக் கழகப் புலவர் மூவரின் பெயர்களோடு கிடங்கில் என்னும் ஊர்ப்பெயர் ஒட்டி நிற்கின்றது. மூன்று புலவர்களை ஈன்ற அவ்வூரைப் பற்றித் திண்டிவனம் நேரு வீதியில் பொருள் வாங்க வரும் பள்ளிப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருகின்றார்? புளியங்காடு என்னும் பொருள்தரும் வடசொல் ஊர்ப்பெயராகி நிலைத்துவிட்டது; கிடங்கில் என்னும் தமிழ்ப்பெயர் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது.

விழுப்புரத்தின் பெயருக்கு நேர்ந்ததையும் பாருங்கள். சிறப்பு ழகரம் ஒளிரும் இப்பெயரை ஆங்கிலத்தில் வில்லுப்புரம் என்று படிக்கும்படி எழுதிவைத்தனர். 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது. எழுத்துமுறையில் குழப்பம் என்று கண்டனம் எழவே, சூன் திங்களிலேயே திரும்பப் பெற்றது. நம் ஊரின் பெயரை நம் ஒலியில் எழுதவே இத்துணைத் தடுமாற்றம்!

திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை வகைகளும் எள் வகைகளும் டி.எம்.வி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடும் ஓர் எண்ணோடும் உழவரிடையே பரவின. அம்மூன்று எழுத்துகளும் திண்டிவனம் என்னும் பெயரின் சுருக்கமே என்று அவ்விதையை வாங்குவோரில் எத்தனை பேர் அறிவர்? ஊரின் உழைப்பு வெளியே போகின்றது. ஊரின் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றது.

இனி, கடைத்தெருவைப் பற்றிப் பேசும்போது பலர் பேச அஞ்சும் ஒரு செய்தியைப் பேசியாக வேண்டும். 1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இதே விழுப்புரத்தில், கடைத்தெருவில் மூண்ட பூசல் சாதிக் கலவரமாக வெடித்து, ஒடுக்கப்பட்ட தமிழர் 12 பேர் கொல்லப்பட்டனர். கொன்றவர் மொழியும் தமிழ். கொல்லப்பட்டவர் மொழியும் தமிழ். தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் எல்லார்க்கும் அங்கே ஒரே மதிப்பு இருந்ததா என்பதற்கு அந்நாள் விடை சொல்லிற்று.

பழங்கதையை ஏன் கிளறுகின்றாய் என்று சிலர் கேட்கலாம். கடைத்தெருவுக்குப் புதுவாழ்வு வேண்டுமென்று கேட்கும் நாம், அங்கே சிந்திய குருதியை மறைத்துவிட்டுப் புதிய தளம் பாவினால், அத்தளம் நிலைக்காது. ஒரு பகுதி மக்கள் மாலை மங்கியதும் ஒதுங்கிப்போக வேண்டிய தெரு ஊரின் நடுவம் ஆகாது. மேடையில் தமிழன் என்று முழங்கிவிட்டுத் தெருவில் சாதிக்காரனாக நடப்பவனால் தமிழுக்கு ஒரு நன்மையும் இல்லை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி அவர்கள் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான், 1947ஆம் ஆண்டு, கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. கோயில் கதவைத் திறக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கடைத்தெருவின் கதவு கண்ணுக்குத் தெரியாதது. அதை நாமே திறக்க வேண்டும். ஆகவே பொதுமுடிவு காணும் அவையில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளின் பேராளர்கள் முதல் வரிசையில் அமர வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

அடுத்து, அந்த அவையில் எழக்கூடிய பூசல்களைப் பார்ப்போம். கடைக்காரர், “நான் வாடகையும் வரியும் கட்டுகின்றேன், என் வாயிலை மறைத்துத் தரைக்கடை போடுகின்றார்” என்பார். தரைக்கடை அம்மையார், “எனக்கு இந்த நான்கு முழ இடத்தை விட்டால் பிழைப்பில்லை; ஆண்டுக்கொரு முறை வண்டியோடு தூக்கிக்கொண்டு போகின்றார்கள்” என்பார். நடந்து வரும் முதியவர், “இருவரும் சேர்ந்து என்னை நடுச்சாலைக்குத் தள்ளிவிட்டீர்கள்” என்பார். மூவர் சொல்வதும் உண்மை. மூவரையும் தனித்தனியே அழைத்துப் பேசினால் ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் பகைவராகவே கருதுவர்.

இதற்கு நாட்டில் சட்டமே இருக்கின்றது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம், நகரந்தோறும் நகர விற்பனைக் குழு ஒன்று அமைய வேண்டும் என்கின்றது. அக்குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத உறுப்பினர் தெருவோர வணிகர்களே தேர்ந்தெடுத்த வணிகராய் இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கு பெண்டிர். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு அளவுக்கு விற்பனையாளருக்கு இடம் வகுக்கலாம் என்பதும் அச்சட்டத்தின் அளவுகோல். 2011 கணக்கை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: விழுப்புரத்தில் ஏறத்தாழ 2,400 பேருக்கும், திண்டிவனத்தில் ஏறத்தாழ 1,800 பேருக்கும் இடமுண்டு. அதுவும் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கும் வரையில் ஒருவரையும் வெளியேற்றலாகாது என்கின்றது சட்டம். இவற்றை ஆக்கிரமிப்பு அகற்ற வரும் அலுவலரும் அறிய வேண்டும். தரைக்கடை அம்மையாரும் அறிய வேண்டும். அவர் அறிய வேண்டுமானால் அது தமிழில் அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.

மொழிச் சிக்கல் இங்கேதான் வாழ்க்கைச் சிக்கலாகின்றது. ஒரு நகரச் சீரமைப்புக்குப் பன்னூறு பக்கங்களில் திட்ட அறிக்கை எழுதுகின்றனர். எந்த மொழியில்? பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழென்று 1956ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. முழுமைத் திட்டம் வகுத்தால் அதை வெளியிட்டு மக்களின் கருத்துகளையும் மறுப்புகளையும் கேட்க வேண்டும் என்பது அதன் நெறி. விளங்காத மொழியில் எழுதி வைத்துவிட்டு, “மறுப்பு ஒன்றும் வரவில்லை” என்று எழுதிக்கொள்வது என்ன முறை? தன் கடை இடிபடுமா, தன் தெருவில் சாக்கடை எவ்வழியே போகும் என்பதைத் தன் தாய்மொழியில் படித்தறிய முடியாதவன், தன் ஊரிலேயே அயலானாகின்றான். மறைமலையடிகள் 1916ஆம் ஆண்டு தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் புலவர்களின் சொல்லாடலுக்கு மட்டுமென்று எண்ணுவோர்க்கு இதுவே விடை. தூய எளிய தமிழ் இல்லாத இடத்தில் எளியவன் ஏமாற்றப்படுகின்றான்.

பெயர்ப்பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். தமிழே முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது அரசு நெறிமுறை. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு, பிறமொழிக்கு இரண்டு பங்கு என்று அளவும் வகுத்திருக்கின்றனர். நம் கடைத்தெருக்களில் நடந்து பார்த்தால் இந்நெறி எவ்வளவு காற்றில் பறக்கின்றது என்பது விளங்கும். வணிகப் பெருமக்களே, தண்டத்துக்கு அஞ்சி மாற்ற வேண்டாம். உங்களிடம் வாங்க வரும் உழவன் வீட்டுத் தாய் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி உங்கள் கடையின் பெயர் இருக்கட்டும் என்று எண்ணி மாற்றுங்கள். இளைஞர்களே, பலகையில் தார் பூசுவதைவிட, கடைக்காரரோடு அமர்ந்து நல்ல தமிழ்ப்பெயர் ஒன்றைத் தேர்ந்து கொடுப்பதே நிலைத்த பணி. பலகை தமிழாவது தொடக்கம். அக்கடை அமைந்த தெருவும் தமிழர் அனைவர்க்கும் உரியதாவதே முடிவு.

இவ்வாறெல்லாம் ஒன்றுபட இயலுமா என்று ஐயுறுவோர் புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள், நெடுந்தொலைவில்லை. அங்கே பிரஞ்சியர் வாழ்ந்த பகுதியைத்தான் எல்லாரும் படம் பிடிப்பர். ஆனால் தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில், திண்ணையும் தூண்நிரைத் தாழ்வாரமும் கொண்ட பழைய தமிழ் வீடுகளின் முகப்புகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைக்கப்பட்டன. மரபுச்சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும், ஆட்சியினரும், வீட்டுக்காரரும் கூடிச் செய்த பணி அது. ஐரோப்பிய ஒன்றியம் பொருளுதவி செய்தது. 2008ஆம் ஆண்டு யுனெசுகோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் அவ்வீதிக்குக் கிடைத்தது. பணம் வெளியிலிருந்து வந்தாலும், தம் வீட்டு முகப்பைத் தொட விட்டவர்கள் அத்தெருவினர். அவர்தம் இசைவு இல்லையேல் ஒரு தூணும் நிமிர்ந்திராது. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க வீட்டின் முன்னே தாழ்வாரம் விட்ட பண்பாடு நம்முடையது. இற்றைக் கடைத்தெருவில் நடந்து செல்வோர்க்கு நிழல் கேட்டால் அதைப் புதுமை என்கின்றோம்!

சரி, நாம் எங்கிருந்து தொடங்குவது? 2016ஆம் ஆண்டு முடிந்த நகராட்சி மன்றங்களுக்கு 2022ஆம் ஆண்டு பிப்பிரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் ஊருக்கு மன்றமே இல்லாதிருந்தது. அவ்வாண்டு விழுப்புரத்தில் 42 வட்டங்களுக்கும் திண்டிவனத்தில் 33 வட்டங்களுக்கும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வட்டக்குழுவும், ஏரியா சபை என்று வழங்கும் பகுதி அவையும் அமைக்க அவ்வாண்டிலேயே விதிகள் வந்தன. சிற்றூருக்கு ஊரவை இருப்பதைப் போல நகரத்தெருவுக்கும் ஓர் அவை உண்டு என்பதே இதன் பொருள். அவ்வவையைக் கூட்டச்சொல்லிக் கேட்பது நம் உரிமை. போய் அமர்ந்து பேசுவது நம் கடமை.

அங்கே நான்கு செய்திகளை முன்வையுங்கள். ஒன்று: எந்தக் கட்டடத்துக்கும் முன்பாக வாய்க்காலும் குளமும் மீட்கப்படட்டும், நீர் போகும் வழி வரைபடத்தில் முதலில் வரையப்படட்டும். இரண்டு: தரைக்கடைக்கு வரையறுத்த இடம், நடப்பவர்க்கு மறிக்கப்படாத நடைபாதை, சரக்கு இறக்க விடியற்காலை நேரம் என்று தெருவின் இடத்தையும் பொழுதையும் பகிர்ந்துகொள்வோம். மூன்று: சந்தைக்கு வரும் பெண்டிர்க்குத் தூய்மையான கழிப்பிடமும், அமர நிழலும், குடிக்க நீரும், இருட்டிய பின்னும் அச்சமின்றி நடக்க ஒளியும் வேண்டும். இவை இல்லாத தெருவைச் சீரமைந்த தெரு என்று எவரும் சொல்லக்கூடாது. நான்கு: திட்டமும் கணக்கும் வரைபடமும் நல்ல தமிழில், நான்கு பக்கங்களுக்குள், கடைத்தெருச் சுவரில் ஒட்டப்படட்டும். எவ்வளவு பணம், எப்போது முடியும், யார் பொறுப்பு என்பதை ஒரு சுமைப்பணியாளர் நின்று படிக்கும்படி இருக்கட்டும்.

இவை நிறைவேற ஒவ்வொருவரும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கடைக்காரர் படிக்கு வெளியே நீட்டிய இரண்டடியை விட வேண்டும். தரைக்கடைக்காரர் வகுத்த கோட்டைத் தாண்டாதிருக்க வேண்டும். வண்டிக்காரர் கடை வாயில்வரை வண்டியிலேயே போகும் பழக்கத்தை விட வேண்டும். கட்சிக்காரர் மாற்றான் கொண்டுவந்த திட்டம் என்பதற்காகவே எதிர்ப்பதை விட வேண்டும். சாதிச் சங்கத்தார் கடைத்தெருவைத் தம் வலிமை காட்டும் களமாகக் கருதுவதை அறவே விட வேண்டும். விட்டுக்கொடுக்காமல் கிடைக்கும் ஒற்றுமை சொல்லளவில் நிற்கும். ஒரு மழைக்குத் தாங்காது.

விழுப்புரத்து நண்பர்களே, திண்டிவனத்து நண்பர்களே! உங்கள் ஊர்களுக்கிடையே எது பெரிது என்னும் போட்டி வேண்டா. ஓரூரில் வெற்றி பெற்ற வழியை மற்றோர் ஊர் எடுத்துக்கொள்ளட்டும். வரும் திங்களிலேயே ஒரு வட்டத்தில், ஒரு தெருவில், ஓர் அவையைக் கூட்டிக் காட்டுங்கள். கடைக்காரரும் தரைக்கடை அம்மையாரும் குடியிருப்புப் பேராளரும் ஒரே பாயில் அமரட்டும். பேசுவது தமிழாயிருக்கட்டும், எழுதுவதும் தமிழாயிருக்கட்டும். நல்லியக்கோடன் வாயில் திறந்திருந்த மண்ணில் நம் கடைத்தெருவின் வாயிலும் எல்லார்க்கும் திறந்திருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் ஒற்றுமை!